கைமாறும் வரை குட்டி

லிஃப்ட் மெக்கானிக்கின் மாமனார் எட்டு மாதமாக வீட்டு வாசலைத் தாண்டவில்லை. மனைவி இறந்த பிறகு மகள் வீட்டுக்கு வந்தவர், வந்த அன்று ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அதோடு சரி. முப்பத்திரண்டு வருடம் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்து ஊரில் பாதிப் பேரை ஃபெயில் பண்ணியவர் அவர். மெக்கானிக்கையே இரண்டு தடவை ஃபெயில் பண்ணியிருக்கிறார். மூன்றாவது தடவை லைசென்ஸ் கொடுத்தார். பெண்ணைக் கொடுக்க அதற்கு மேலும் ஒரு வருடம் எடுத்துக்கொண்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது ஜன்னலுக்கு வெளியே ஒருவன் சிக்னல் போடாமல் வண்டியைத் திருப்பினால்கூட ஒன்றும் சொல்வதில்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்த்தார், முதுகில் வைத்துப் பார்த்தார்.

"மருந்து எழுதற அளவுக்கு ஒண்ணும் இல்லை. தினமும் நடக்கணும்."

"நடங்கன்னா, எங்கேன்னு கேக்கறார் டாக்டர்," என்றாள் மகள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"அப்ப ஒரு நாய் வாங்கிக் கொடுங்க. நாய்க்கு எங்கேன்னு கேக்கத் தெரியாது."

மாமனார் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் டாக்டருக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதப் படத்தில் ஒரு நாய் இருந்தது. காது தரையில் புரண்டது. கால்கள், மேஜைக் காலைப் பாதியில் அறுத்துவிட்ட மாதிரி குட்டையாக இருந்தன. முகத்தில், யாரோ இப்போதுதான் திட்டிவிட்டுப் போனது போல ஒரு வருத்தம்.

"இது பரவாயில்லை," என்றார் மாமனார்.

எட்டு மாதத்தில் அவர் எதையும் பரவாயில்லை என்று சொன்னதில்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் காலண்டரை ஃபோனில் படம் பிடித்துக்கொண்டான்.

படத்தை எடுத்துக்கொண்டு அவன் ஒரு நாய் டாக்டரிடம் போனான். அந்த அம்மா படத்தைப் பார்த்து, இந்த இனத்துக்கு நீள்காது என்று பெயர் என்றார். "ரோட்டோரத்துல கூடையில வெச்சு நீட்டுவாங்க, வாங்கிடாதீங்க. தாய் என்ன ஆச்சு, தடுப்பூசி போட்டாங்களா, ஒண்ணும் தெரியாது. பொறுப்பா வளர்க்கறவங்ககிட்ட போங்க."

"பொறுப்பானவங்கன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கறது?"

"அவங்க உங்களைக் கேள்வி கேப்பாங்க. எவ்வளவு கேள்வியோ அவ்வளவு நல்லவங்க."

அவர் சொன்னது நல்ல அறிவுரை. பின்னால் நடந்த எதற்கும் அவர் காரணமல்ல.

விசாரித்ததில் 'தூய நீள்காது வளர்ப்போர் பொறுப்புணர்வுச் சங்கம்' என்று ஒன்று இருப்பது தெரிந்தது. மெக்கானிக் ஃபோன் செய்தான். செயலாளர் அம்மா எடுத்தார்.

"வணக்கம்மா. ஒரு நாய்க்குட்டி வாங்கணும்."

மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. "'வாங்கணும்'னு சொன்னீங்க இல்லையா?"

"ஆமாங்க."

"குறிச்சுக்கறேன். இங்க யாரும் விக்கறதும் இல்லை, வாங்கறதும் இல்லை. பொறுப்பேற்பு. சரி, எதுக்கு?"

"எங்க மாமனார் வீட்டை விட்டு வெளியவே வர்றதில்லைம்மா. நாய் இருந்தா அவருக்கு நல்லதுன்னு..."

"அது உங்க மாமனாருக்கு. குட்டிக்கு என்ன பிரயோஜனம்?"

"அது வந்து..." என்று இழுத்தான் மெக்கானிக். பரவாயில்லை, இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை என்று செயலாளர் அம்மா ஆறுதல் சொல்லி, விண்ணப்பத்தை அனுப்பிவைத்தார்.

விண்ணப்பம் நாற்பத்தோரு பக்கம். ஏழாவது கேள்வி: 'உங்கள் வீட்டில் எத்தனை படிகள்? ஒவ்வொன்றின் உயரம் என்ன? ஏன்?' முப்பத்து மூன்றாவது: 'நீங்கள் எதையாவது பாதியில் கைவிட்டதுண்டா? (செடி, உடற்பயிற்சி, உறவினர் உட்பட.)' மெக்கானிக் ஒரு வாரம் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினான். படிகளை இஞ்சு டேப் வைத்து அளந்தான். தொண்ணூற்றாறாவது கேள்வியில் நின்றுவிட்டான். 'நாயை இழிவுபடுத்தும் பழமொழிகள் உங்கள் வீட்டில் வழங்குகின்றனவா? ஆமெனில், எத்தனை? சொல்பவர் யார்?'

"இல்லைன்னு போட்டுடலாமா?" என்று மனைவியைக் கேட்டான்.

"பொய் சொல்லக் கூடாதுன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கு. நேத்து நீங்களே சூப்பர்வைசரைப் பத்திப் பேசறப்ப ரெண்டு சொன்னீங்க."

"நம்ம மொழியில நாயைப் பத்தி நல்லதா ஒண்ணுகூடவா இல்லை? நன்றியுள்ள பிராணின்னு சொல்றோமே."

"அது பழமொழி இல்லை. நாலாம் வகுப்புக் கட்டுரை."

கடைசியில் 'பதினொன்று. எல்லோரும். இனி இல்லை' என்று எழுதினான். முழுவதும் முடிந்ததும் மனைவி ஒரு தடவை படித்துப் பார்த்தாள். கையில் இருந்தது பரீட்சைத் தாள் திருத்தும் சிவப்புப் பேனா. பழக்க தோஷம். இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழையைச் சுழித்தாள்; முதல் பக்கத்து மூலையில் 61 என்று போட்டு வட்டமிட்டாள். அவள் அதை உணர்வதற்குள் மெக்கானிக் தபாலில் சேர்த்துவிட்டான்.

பத்து நாளில் பதில் வந்தது. 'விண்ணப்பதாரருக்கு அவருடைய மனைவியே அறுபத்தோரு மதிப்பெண்தான் அளித்திருப்பதைச் சங்கம் கவனத்தில் கொண்டுள்ளது. எனினும் வீட்டு ஆய்வுக்கு அனுமதிக்கப்படுகிறது.'

வீட்டு ஆய்வாளர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத மனிதர். வாசலிலேயே இரண்டு முட்டிகளுக்கும் பட்டை கட்டிக்கொண்டு, கை ஊன்றி, தவழ்ந்து உள்ளே வந்தார்.

"உக்காருங்க சார், டீ குடிச்சிட்டு..." என்றாள் டீச்சர்.

"குட்டி உக்காந்து டீ குடிக்குமா?" என்றார் ஆய்வாளர் தரையிலிருந்து. "குட்டியோட கண் மட்டத்துலேருந்துதான் நாங்க பார்ப்போம். எத்தனை வீட்டுல பெரிய மனுஷங்க மாதிரி நிமிர்ந்து நின்னு பேசுவாங்க தெரியுமா? அடியில பார்த்தா ஒரே ஒட்டடை."

வரவேற்பறையைத் தவழ்ந்தார். சோபாவின் காலை மோந்தார். மின்சார வயரை வாயருகே கொண்டுபோய், கடிக்கத் தோன்றுகிறதா என்று கொஞ்ச நேரம் யோசித்து, தோன்றுகிறது என்று குறித்துக்கொண்டார். மாமனாரின் நாற்காலியைக் கடந்தபோது, மாமனார் வெள்ளம் வந்தால் தூக்குவது போல இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். ஆய்வாளர் படுக்கையறைக்குள் போனார். கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். அப்புறம் வெளியே வரவில்லை.

"சார்?" என்று மெக்கானிக் குனிந்து பார்த்தான்.

"மாட்டிக்கிட்டேன்," என்றார் ஆய்வாளர்.

மெக்கானிக் ஒரு காலைப் பிடித்து இழுத்தான், டீச்சர் ஒரு காலைப் பிடித்து இழுத்தாள். நகரவில்லை. அப்போது அறை வாசலில் ஒரு நிழல் விழுந்தது. மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தார்.

"ரிவர்ஸ்ல வாங்க," என்றார். "ஸ்டியரிங்கை ஒடிக்காதீங்க. நேரா. நேரா வாங்க. பின்னாடி பார்க்காம எப்படிய்யா வர்றே?"

அப்படியும் முடியாமல், மெக்கானிக் வேனிலிருந்து ஜாக்கியைக் கொண்டுவந்து கட்டிலைத் தூக்கினான். ஆய்வாளர் வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினார்: 'கட்டிலுக்கு அடியில் குட்டி சிக்கிக்கொள்ளும் அபாயம் நிரூபிக்கப்பட்டது.'

கட்டில் கால்களை மரக்கட்டை வைத்து உயர்த்திய பிறகு, அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வந்தது. சங்கத்தின் வம்சாவளிப் பதிவாளரைப் பார்க்க வேண்டும். அவர் கையுறை போட்ட ஒரு மெலிந்த மனிதர். மேஜை மேல் ஒரு சுருளை விரித்தார். மேஜை போதாமல் அது தரையில் இறங்கிக் கதவு வரை போனது.

"இருபத்திரண்டு தலைமுறை," என்றார். "இதோ, இவர் பதினாலாவது. ரொம்ப கம்பீரமானவர். இவரோட சித்தப்பா ஒருத்தர், இடது காது கால் அங்குலம் கம்மி. அந்தக் கிளையைப் பத்தி நாங்க பேசறதில்லை."

"சரிங்க," என்றான் மெக்கானிக், மரியாதையாக.

"இப்ப உங்களோடது. அப்பாவோட அப்பா?"

"சைக்கிள் கடை வெச்சிருந்தாருங்க."

"அவரோட அப்பா?"

"தெரியாதுங்க."

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். "தெரியாதுன்னா?"

"யாரும் சொன்னதில்லைங்க. கேக்கணும்னு தோணலை."

"அவர் இருந்தார்ங்கறதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

மெக்கானிக் கொஞ்சம் யோசித்தான். "நான்தாங்க," என்றான்.

பதிவாளர் 'ஆதாரம் போதாது' என்று எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தி, மனம் தளர வேண்டாம் என்றும், கலப்பில் வந்தவர்களிலும் நல்லவர்கள் உண்டு என்று தாம் கேள்விப்பட்டிருப்பதாகவும் சொன்னார். இடுப்பு எக்ஸ்ரே மட்டும் சரியாக இருந்தால் வம்சத்தைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம்.

"நாய்க்கு எக்ஸ்ரேவாங்க?"

"நாய்க்கு எடுத்தாச்சு. இந்த இனத்துக்கு இடுப்பு பலவீனம், அதனால தாய் தகப்பன் ரெண்டு பேருக்கும் எடுக்காம நாங்க குட்டியே போட விடறதில்லை. அதுங்களுக்கு அவ்வளவு சட்டம் இருக்கறப்ப உங்களுக்கு மட்டும் என்ன சலுகை?"

இதைக் கேட்டதும் மெக்கானிக்குக்கு நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அந்தச் சங்கத்தின் விசேஷம். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் இருந்த பெண், "இடுப்புல எங்க வலி?" என்று கேட்டாள்.

"வலி இல்லைம்மா. நாய் வாங்கணும்."

அவள் அவனைத் தலைக்கும் சேர்த்து எடுக்கலாமா என்று கேட்டாள். மெக்கானிக், டீச்சர், மாமனார் மூன்று பேருக்கும் எடுத்தார்கள். மாமனாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத்தான் அழைத்துப் போக வேண்டியிருந்தது; நடக்க முடியாததால் அல்ல, எங்கே என்று கேட்டதற்கு யாரிடமும் சொல்லிக்கொள்ளும்படியான பதில் இல்லாததால்.

மூன்று இடுப்பும் தேறின. அதன்பின் செயலாளர் அம்மா ஒரு பையைக் கொடுத்தார். ஆறு கிலோ மணல் நிரப்பிய மூட்டை. இரண்டு பக்கமும் நீளமாகத் தோல் காது தைத்திருந்தது. கழுத்து என்று நம்பவேண்டிய இடத்தில் ஒரு பட்டையும் கயிறும். வயிற்றுக்குள் ஒரு மணி.

"பயிற்சிக் குட்டி," என்றார் செயலாளர் அம்மா. "பதினஞ்சு நாள். மணி எப்ப வேணா அடிக்கும். அடிச்சா நாலு நிமிஷத்துல வெளிய கூட்டிக்கிட்டுப் போகணும். மூணு மணி நேரத்துக்கு மேல தனியா விடக் கூடாது. டைரி எழுதணும்." சொல்லிவிட்டு அவர் கொட்டாவி விட்டார். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. மெக்கானிக் அதைக் கவனித்தான், ஆனால் கேட்கவில்லை. கேள்வி கேட்பது அவர்கள் வேலை.

மூன்று மணி நேரத்துக்கு மேல் தனியாக விடக் கூடாது என்பதால் அவன் மூட்டையை வேலைக்கு எடுத்துப் போனான். இரண்டு நாள் பிரச்சினை இல்லை. மூன்றாம் நாள் ஒரு கட்டடத்தில் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். மெக்கானிக் கதவை அரை அடி நெம்பித் திறந்து, "பயப்படாதீங்க சார், அஞ்சு நிமிஷத்துல எடுத்துடறேன்," என்றான். மணி அடித்தது.

"சார், ஒரே ஒரு நாலு நிமிஷம். குட்டியை வெளிய விட்டுட்டு வந்துடறேன்."

வக்கீல் அந்த அரை அடி இடைவெளி வழியாக, ஒருவன் மணல் மூட்டையைத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்துக்கொண்டே படியிறங்கிப் போவதைப் பார்த்தார். மறுநாள் கம்பெனிக்குக் கடிதம் வந்தது. அதில் 'மணல் மூட்டைக்குச் சிறுநீர் கழிக்க உதவும் பொருட்டு' என்ற சொற்கள் இருந்தன. சூப்பர்வைசர் அதை இரண்டு தடவை உரக்கப் படித்துவிட்டு, இனி மூட்டையை வேலைக்குக் கொண்டுவரக் கூடாது என்றார்.

டீச்சரும் பள்ளிக்குப் போகவேண்டும். ஆக, வீட்டில் இருப்பது ஒருவர்தான்.

"மாமா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். பக்கத்துல இருந்தா போதும்," என்றான் மெக்கானிக்.

"மணி அடிச்சா?"

"அடிக்காதுன்னு நினைக்கறேன் மாமா."

பத்தரை மணிக்கு அடித்தது. மாமனார் கொஞ்ச நேரம் மூட்டையைப் பார்த்தார். சட்டம் என்று எழுதி வைத்திருப்பதை மீறி அவருக்குப் பழக்கமில்லை. மூன்றாவது நிமிடத்தில் எழுந்து, ஷூவைத் தேடிப் போட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்து மூட்டையை இழுத்தபடி லிஃப்டில் இறங்கி, தெருவுக்கு வந்தார். கேட்டருகே கீழ்வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சார், மணல் எங்க போகுது?"

"காத்தாட," என்றார் மாமனார், நிற்காமல்.

முதல் நாள் கேட் வரை. நாலாம் நாள் மருந்துக் கடை வரை. பத்தாம் நாள் தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர்காரனை நிறுத்தி, இடது பக்கம் கையைக் காட்டிவிட்டு வலது பக்கம் திரும்புவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார். டீச்சர் இதைக் கேள்விப்பட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதாள்.

பதினாறாம் நாள் காலை சங்கத்தார் மூட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள். மாமனார் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

அதனால்தான் இறுதி நேர்காணலுக்குக் கடிதம் வந்தபோது மெக்கானிக் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை எடுத்து இஸ்திரி போட்டான். இனி எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். இன்னொரு இடுப்பு கேட்டாலும்.

சங்கக் கட்டடம் ஊருக்கு வெளியே இருந்தது. நீளமான கூடம், ஒரு மேஜைக்குப் பின்னால் தலைவர், பதிவாளர், ஆய்வாளர், செயலாளர் அம்மா. எதிரே மூன்று நாற்காலி. மெக்கானிக், டீச்சர், மாமனார் உட்கார்ந்தார்கள். தலைவர் எழுந்து நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாறு வருஷம்," என்று தொடங்கினார். "இந்தப் பதினாறு வருஷத்துல எங்க குட்டி ஒண்ணுகூட தப்பான வீட்டுக்குப் போனதில்லை. ஒண்ணுகூட சங்கிலியில கட்டிப் போடப்படலை. ஒண்ணுகூட ரோட்டுல விடப்படலை. பிடிக்கலைன்னு ஒண்ணுகூட திரும்பி வந்ததில்லை. உலகத்துல வேற எந்தச் சங்கமாவது நெஞ்சைத் தொட்டு இப்படிச் சொல்ல முடியுமா? போன வருஷம் ஒரு நீதிபதி வந்தார். படியோட உயரத்தைக் குத்துமதிப்பா எழுதியிருந்தார். அனுப்பிட்டோம். அதுக்கு முன்னாடி வருஷம் ஒரு குடும்பம், ரொம்ப நல்ல குடும்பம், அப்பழுக்கு சொல்ல முடியாது. அதுவே எங்களுக்குச் சந்தேகமா இருந்துது. அனுப்பிட்டோம்."

மாமனார் கையைத் தூக்கினார்.

"சரியான வீட்டுக்கு எத்தனை போயிருக்கு?"

தலைவர் செயலாளர் அம்மாவைப் பார்த்தார்.

"ஒண்ணும் போகலை," என்றார் செயலாளர் அம்மா.

"அதைத்தான் தரம்னு சொல்றோம்," என்றார் தலைவர்.

டீச்சர் மெதுவாக, "அப்ப குட்டிங்க எல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். செயலாளர் அம்மா எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்தார்.

முற்றம் முழுக்க நாய்கள். அறுபத்து மூன்று. எல்லாம் காலண்டரில் இருந்ததைப் போலவே காதும் காலும், ஆனால் முகவாய் நரைத்திருந்தது. சிலது வெயிலில் படுத்திருந்தன. சிலது படுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றன. ஒன்றுக்குப் பல்லே இல்லை. ஒன்று மட்டும் எழுந்து, வழியில் இரண்டு தடவை நின்று இளைப்பாறி, கூடத்துக்குள் வந்தது.

"குட்டி எதுங்க?" என்றான் மெக்கானிக்.

"எல்லாமே குட்டிதான்," என்றார் தலைவர். "விதி நாலு. கைமாறும் வரை குட்டி."

"இதுக்குப் பதினோரு வயசு," என்றார் செயலாளர் அம்மா.

"பதினோரு வயசுக் குட்டி," என்று தலைவர் திருத்தினார். "இடம் பத்தலைன்னு ஆறு வருஷமா புதுசா ஈனறதை நிறுத்தி வெச்சிருக்கோம். அதுவும் ஒரு பொறுப்புதான்."

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நானும் முப்பத்திரண்டு வருஷம் ஃபெயில் பண்ணினவன்தான் சார். கண்ணாடியைப் பார்க்கலைன்னா ஃபெயில். கையைத் தப்பா காட்டினா ஃபெயில். மாப்பிள்ளையைக் கேளுங்க. ஆனா சாயந்திரத்துக்குள்ள நாலு பேரையாவது பாஸ் பண்ணிடுவேன். எல்லாரையும் ஃபெயில் பண்ணினா ரோட்டுல விபத்தே நடக்காது, வாஸ்தவம். வண்டியும் இருக்காது. அப்புறம் நான் எதுக்கு?"

பதிவாளர் கையுறையைச் சரி செய்துகொண்டார். தலைவர் முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டி, மனைவி போட்ட மதிப்பெண் அறுபத்தொன்று, பழமொழிகள் பதினொன்று, கொள்ளுத்தாத்தா இல்லை, ஆகவே விண்ணப்பம் வருத்தத்துடன் நிராகரிக்கப்படுகிறது, அடுத்த வருடம் மறுபடியும் வரலாம் என்று படித்தார்.

டீச்சர் எழுந்தாள். மெக்கானிக் எழுந்தான். கோட்டுப் பொத்தானைக் கழற்றினான். ஜன்னலோர நாற்காலிதான் கண் முன்னால் நின்றது.

"வாங்க மாமா, போலாம்."

மாமனார் எழவில்லை. "கால் மாட்டிக்கிச்சு," என்றார்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே வந்த அந்த நாய் மாமனாரின் வலது ஷூ மேல் தாடையை வைத்து, ஒரு காதால் இடது ஷூவையும் மூடி, தூங்கிப்போயிருந்தது. குறட்டை விட்டது.

ஆய்வாளர் அதை எழுப்பப் போனார். தலைவர் பதறிப்போய்க் கையைப் பிடித்தார். "விதி முப்பத்தொண்ணு. உறங்கும் குட்டியை எழுப்பக் கூடாது. நீங்கதானே எழுதினீங்க?"

"அப்ப காத்திருப்போம்," என்றார் ஆய்வாளர்.

காத்திருந்தார்கள். நாலரை ஆனது. ஐந்தேகால் ஆனது. ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் காவல்காரர் சாவிக் கொத்தோடு வந்து, "ஐயா, ஆறு மணிக்குப் பூட்டணும். வெளியாளுங்க யாரும் உள்ள இருக்கக் கூடாது. விதி பன்னெண்டு," என்றார்.

"அவர் எழுந்திருக்க முடியாது," என்றார் தலைவர்.

"அப்ப குட்டியை எழுப்புங்க."

"அது முடியாது."

"அப்ப நான் என்ன செய்யறதுங்க? போன மாசம் நாலு நிமிஷம் லேட்டாப் பூட்டினதுக்கு எனக்கு மெமோ கொடுத்தீங்க."

தலைவர் நெற்றியைத் துடைத்தார். பதினாறு வருடத்தில் சங்கத்தின் ஒரு விதியும் மீறப்பட்டதில்லை. இப்போது எதை மீறினாலும் அது ஆண்டறிக்கையில் வரும். பதிவாளர், நாற்காலியோடு சேர்த்து மாமனாரை வெளியே தூக்கி வைக்கலாமா என்றார். நாய் புரண்டு விழித்துவிட்டால்? ஆய்வாளர், மாமனாரை ஷூவிலிருந்து வெட்டி எடுக்கலாமா என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

செயலாளர் அம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ஒரு வழி இருக்கு," என்றார், தலை நிமிராமல். "அவர் வெளியாளா இருக்கறதாலதானே பிரச்சினை. பொறுப்பேற்றவங்க சங்கத்து உறுப்பினர். உறுப்பினர் எவ்வளவு நேரம் வேணா இருக்கலாம். விதி பன்னெண்டு, உட்பிரிவு ஆ."

"அவங்க விண்ணப்பத்தை இப்பதானே நிராகரிச்சோம்?"

"மினிட்ஸ் நான்தான் எழுதறேன். இன்னும் எழுதலை." அவர் இப்போது நிமிர்ந்தார். "தலைவரே, அறுபத்து மூணு குட்டி. நூத்து இருபத்தாறு காது. நீள்காதுக்குத் தினமும் காது தொடைக்கணும். விதி ரெண்டு. யார் தொடைக்கறாங்கன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

ஆறுக்கு மூன்று நிமிடம் இருந்தது. காவல்காரர் சாவியை ஆட்டினார். தலைவர் பேனாவை எடுத்தார். மெக்கானிக் கையெழுத்துப் போட்டான், டீச்சர் போட்டாள், மாமனார் உட்கார்ந்தபடியே போட்டார். கடைசியில் தலைவர் போட்டுவிட்டு, ஒரு பெருமூச்சோடு எழுந்தார்.

"கைமாறியாச்சு. இனிமே இது குட்டி இல்லை, நாய். எழுப்பலாம்."

"இனிமே எங்க நாய்," என்றார் மாமனார். "எழுப்பறதும் எழுப்பாததும் நாங்க பார்த்துக்கறோம்."

பிறகு அவர் ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். பாதத்தை மெதுவாகப் பின்னால் உருவி, வெறும் காலுறையோடு எழுந்து நின்றார். நாய் ஷூ மேல் தூங்கிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் அதை இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டான். வளர்ந்த நாய், இருபத்தெட்டு கிலோ. வேனுக்கு நடக்கும்போதுதான் அவனுக்குப் புத்தியில் பட்டது.

"மாமா, காலை அப்பவே அப்படி உருவியிருக்கலாமே?"

"உருவியிருக்கலாம்," என்றார் மாமனார்.

நாய்க்குப் பதிவேட்டில் பதினான்கு சொற்கள் கொண்ட ஒரு பெயர் இருந்தது. மாமனார் அதன் வேகத்தைப் பார்த்து எல்-போர்டு என்று கூப்பிட்டார். காலையும் மாலையும் இருவரும் தெருமுனை வரை போனார்கள். போய்வர முக்கால் மணி நேரம் ஆனது, ஏனென்றால் இரண்டு பேரில் யாராவது ஒருவர் அடிக்கடி நிற்கவேண்டியிருந்தது. மருந்துக் கடையில், "என்ன வயசு சார்?" என்று கேட்பவர்களுக்கு, "யாருக்கு?" என்று கேட்டுத் தெளிவு பெற்றுக்கொண்டு பதில் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துச் சங்கத்தின் ஆண்டறிக்கை உறுப்பினர் என்ற முறையில் அவர்களுக்கும் வந்தது. 'இவ்வாண்டு வருந்தத்தக்க வகையில் ஒரு குட்டி கைநழுவியது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராயக் குழு அமைக்கப்பட்டுள்ளது.' மெக்கானிக் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. செயலாளர் அம்மா. மாமனாரிடம் கொடுக்கச் சொன்னார்.

"ஐயா, நாளைக்குச் சாயந்திரம் சங்கத்துல பொதுக்கூட்டம். நீங்க உறுப்பினர், யாரை வேணா கூட்டிக்கிட்டு வரலாம். நாலு மணிக்கு வந்தீங்கன்னா முற்றத்துக் கதவைத் திறந்து வெச்சிருப்பேன். எல்லாம் மதியம் சாப்பிட்டுட்டுத் தூக்கக் கலக்கத்துல இருக்கும்."

"எத்தனை பேர் வரலாம்?"

"அறுபத்திரண்டு. ஷூ கொஞ்சம் அகலமா இருந்தா நல்லது."

மாமனார் ஃபோனை வைத்தார். சட்டையை மாற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போய், கீழ்வீட்டுக்காரரின் கதவைத் தட்டி, அவருடைய கால் என்ன சைஸ் என்று கேட்டார்.